டிரைவருக்குப் பக்கத்து இருக்கை

கார்லண்ட் டட்டில் எங்கள் வாசலில் செத்துப்போனது அக்டோபர் கடைசியில், சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த வாரம். காலையில் காபிக் கோப்பையோடு கேரவனின் படியில் வந்து உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவரும் அவர் மனைவி நார்லீனும் எங்களிடம் தங்க வந்து இரண்டு ராத்திரி முடிந்திருந்தது. அன்றைக்குக் கிளம்ப வேண்டியவர்கள்.

எங்களிடம் என்றால் வீட்டுக்குள் இல்லை. டிராக்டர் கொட்டகைக்குப் பக்கத்தில் சரளைக்கல் கொட்டிச் சமன் செய்த ஓர் இடம், ஒரு மின்சாரக் கம்பம், அவ்வளவுதான். கேரவனில் ஊர் சுற்றுகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு வந்து நிறுத்திக்கொள்ளலாம். காசு கிடையாது. இப்படி இடம் கொடுக்கிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறோம், எங்களுக்கென்று ஓர் இணையப் பக்கமும் இருக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் சுற்றியவர்கள்தான். என் கணவன் டெல்மரின் முதுகு போனபிறகு வண்டியை விற்றுவிட்டு, சுற்றுகிறவர்களை வாசலுக்கு வரவழைத்துக் கதை கேட்கிறோம்.

எல்லா இடத்திலும் வழக்கம் ஒன்றுதான். இரண்டு ராத்திரி. ஜன்னல் திரை இறங்கியிருந்தால் கதவைத் தட்டக் கூடாது. விடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் போனாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வருகிறவர்களுக்கு நான் முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வைத்த பன் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர்கள் எங்களைப் புகழ்ந்து இணையப் பக்கத்தில் எழுதுவார்கள். யாரையும் நாங்கள் மூன்றாம் நாள் பார்த்ததில்லை. அதனால்தான் எல்லோரையும் அவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நார்லீனை மூன்றாம் நாளும் பார்த்தோம், நான்காம் நாளும் பார்த்தோம். கார்லண்டை எரித்துச் சாம்பலை ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேரவனுக்குத் திரும்பினாள். வேறு எங்கே போவாள்? ஓஹையோவில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வண்டிதான் வீடு, அந்த வீட்டை ஓட்ட அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பேருந்து அளவுக்கு இருந்த அதைக் கார்லண்ட் அவளைத் தொடவே விட்டதில்லை. இப்படிப்பட்ட ஜோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் ஓட்டுவார், இவள் வழி சொல்வாள், சாண்ட்விச்சைப் பிரித்துக் கையில் கொடுப்பாள். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தினமும் காலையில் அவள் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். சமையலறை ஜன்னலிலிருந்து எனக்கு நன்றாகத் தெரியும். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நாள் காபியை எடுத்துக்கொண்டு போய் ஏன் என்று கேட்டேன்.

"காலையில வேற எங்க உக்காரதுன்னு தெரியல, ஆர்லிஸ்," என்றாள்.

டெல்மர் கெட்டவன் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. தகனத்துக்கு அலைந்தது அவன்தான், அவளுடைய தண்ணீர் பம்ப்பைப் பழுது பார்த்ததும் அவன்தான். ஆனால் ஒரு வாரம் ஆனதும் வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தான். பனி விழுந்தால் குழாய் உறைந்துவிடும், கேரவனில் குளிர்காலத்தைத் தாக்குப்பிடிக்க முடியாது என்றான். உண்மைதான். வீட்டுக்குள் மேல்மாடியில் இரண்டு அறை சும்மா கிடப்பதும் உண்மைதான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இருபது வருஷம் நான் இந்த மாவட்டத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு மத்தியானம் நார்லீனைப் பிடித்து ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தேன். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். செருப்போடு பெடலில் கால் வைக்கக் கூடாது, அடுத்த தடவை நாடா கட்டிய ஷூ போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று ஒரு அதட்டல் போட்டேன். அப்புறம் கொட்டகையை ஒரு சுற்று, இரண்டு சுற்று வந்தாள். பின்னால் எடுக்கச் சொன்னபோது மின்சாரக் கம்பத்தைச் சாய்த்துவிட்டாள். சாய்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கார்லண்ட் போனபிறகு அவள் சிரித்தது அன்றுதான். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. டெல்மர் ஓடி வந்து கம்பத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"ஏன், கொட்டகைய விட்டுட்டீங்க? அதையும் இடிச்சிட்டு வர்றதுதானே?"

அன்று சாயங்காலமே இணையப் பக்கத்தில் எழுதிவிட்டான். எங்களிடம் ஒரு விதவை இருக்கிறார், அவருடைய அண்ணன் மகள் அரிசோனாவில் இருக்கிறார், வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நான் கான்சாஸ் வரை ஓட்டுகிறேன், அங்கிருந்து யாராவது? சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. நாங்கள் ஓட்டுகிறோம், எங்கள் வாசலில் தங்கட்டும், இது எங்கள் பாக்கியம். நார்லீனிடம் சொன்னபோது, "உங்களுக்கெல்லாம் எதுக்குச் சிரமம்?" என்றாள். அவள் வேண்டாம் என்கிறாள் என்று யாருக்கும் உறைக்கவில்லை. சொந்தக்காரியிடம்தானே போகிறாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் ஓட்டுகிறேன் என்றதைக் கேட்காமல் டெல்மரே முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஓட்டினான், நான் பின்னால் எங்கள் காரில் போனேன். பக்கத்து மாநிலமான கான்சாஸில் வெண்டல் என்பவரின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துப் போட்டோம். நார்லீன் பெல்ட்டோடு, மடியில் பெட்டியோடு. இரண்டு ராத்திரி கழித்து வெண்டல் ஓக்லஹோமாவுக்கு ஓட்டினார். அங்கிருந்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். டிரைவர் இருக்கையில் ஒவ்வொரு படத்திலும் புது முகம், பக்கத்தில் அதே நார்லீன்.

அரிசோனாவில்தான் வண்டவாளம் தெரிந்தது. அண்ணன் மகள் இருந்தது வயதானவர்களுக்கான ஒரு கேரவன் குடியிருப்பில். பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டியை அங்கே உள்ளே விட மாட்டார்கள், இது பதின்மூன்று வருஷப் பழசு. அவளுக்கு இருப்பதோ ஒரே படுக்கையறை. அடுத்த ஏற்பாடு ஆகும்வரை எங்காவது நிறுத்திக்கொள்ளுங்கள் அத்தை என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டாள். அடுத்த ஏற்பாடு என்று ஒன்று ஆகவே இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குத்தான் மனசு இளகிப்போயிருந்ததே. இரண்டு ராத்திரி இங்கே, இரண்டு ராத்திரி அங்கே என்று நியூ மெக்சிகோ, டெக்சாஸ், மறுபடியும் நியூ மெக்சிகோ. 'நம்ம நார்லீன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் வரைபடத்தில் அவள் போன பாதைக்குச் சிவப்புக் கோடு போட்டார். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். அவளைத் தங்கவைத்துக்கொள்ளத்தான் ஓர் ஆள் இல்லை.

அவள் எனக்கு போன் செய்வாள். கம்பத்தை டெல்மர் நிமிர்த்திவிட்டாரா என்று கேட்பாள். ஓரிடத்தில், நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாளாம், சிரித்தார்களாம். ரொம்ப அன்பாகத்தான் சிரித்தார்கள் என்று அவர்களுக்காக என்னிடம் பரிந்து பேசினாள். மார்ச் மாதம் பேசும்போது குரல் மாறியிருந்தது.

"இடது கால் வீங்கியிருக்கு, ஆர்லிஸ். நாள் முழுக்க உக்காந்தே இருக்கேன்ல."

"டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"இங்க இடம் குடுத்தவங்க கேட்டாங்க. வியாழக்கிழமைதான் வரச் சொல்றாங்களாம். வியாழக்கிழமை நான் வேற ஊர்ல இருப்பேன். போன ஊர்லயும் இதே கததான்."

போனை வைத்துவிட்டு நேராக டெல்மரிடம் போனேன். டிவியை அணைத்தேன். நார்லீன் இங்கே வரப்போகிறாள், மேல்மாடி அறையில் இருப்பாள், வண்டி வாசலில் நிற்கும், மே மாதத்துக்குள் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"எத்தன நாளைக்கு?" என்றான்.

"ஓட்டக் கத்துக்கிற வரைக்கும். கத்துக்கலைன்னா, கத்துக்காத வரைக்கும்."

"ஆர்லிஸ், நாம விருந்தாளிக்கு இடம் குடுக்கிறவங்க. இது..."

"இந்த வீடு என் பேர்லயும் இருக்கு, டெல்மர்."

மறுநாள் பார்த்தால் தானாகவே மேல்மாடி அறையின் ஜன்னலைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் சுபாவம் அப்படி. யாராவது போட்டு உலுக்கினால்தான் நல்ல மனசு வெளியே வரும்.

நார்லீனுக்கு போன் செய்து, இங்கே வந்துவிடு என்றேன்.

"ரெண்டு ராத்திரியா?" என்றாள்.

"இல்ல."

"அப்புறம் எங்க போகணும்?"

"எங்கயும் வேண்டாம். நீயே ஓட்டிட்டு எங்கயாவது போகணும்னு தோணுச்சுன்னா போ. இல்லன்னா இங்கயே கிட."

மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. முதலில் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போ, காலைக் காட்டு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. உங்கள் ஊரிலேயே காட்டிக்கொள்கிறேன், அங்கேதானே இருக்கப்போகிறேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கேதானே இருக்கப்போகிறேன் என்று சொல்வதே அவளுக்கு இனிப்பாக இருந்தது போலிருக்கிறது.

ஆள் மாற்றி ஆள் ஓட்டிய அந்தச் சங்கிலி இப்போது எங்கள் பக்கமாகத் திரும்பி ஓடத் தொடங்கியது. டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ். நான் எங்கள் ஊர் டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன். பள்ளிப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் என்னோடு வேலை பார்த்த பழைய ஆட்களிடம் கேட்டு, ஓட்டப் பழக்கும்போது வைக்கிற ஆரஞ்சு நிறக் கூம்புகளை வாங்கிவந்து, வைக்கோல் எடுத்த வெறும் நிலத்தில் வளைவு வளைவாக நட்டு வைத்தேன். கம்பத்திலிருந்து தூரமாகவே நட்டேன். டெல்மர் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி வந்தது. கான்சாஸ் வெண்டல்தான் ஓட்டி வந்தார், அவர் மனைவி பின்னால் காரில். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். வெண்டல் உதட்டில் விரலை வைத்தபடி பூனை மாதிரி இறங்கி வந்தார்.

"தூங்குறாங்க. எழுப்பிடாதீங்க. கான்சாஸ் எல்லை வரைக்கும் பேசிட்டேதான் வந்தாங்க. அப்புறம் மூச்சு வாங்குதுன்னாங்க, கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்னாங்க. நானும் ரேடியோவ நிறுத்திட்டேன்."

வெயில் படக் கூடாதென்று அவள் பக்கத்துத் திரையை இறக்கிவிட்டிருந்தார். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தியிருந்தார். அவரை நான் என்னவென்று திட்டுவது?

நான் அந்தப் பக்கமாகப் போய்க் கதவைத் திறந்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. அந்த ஏப்ரல் வெயிலிலும் கை ஜில்லென்று இருந்தது. பெட்டி மடியில் இருந்தது. காலில் புது ஷூ போட்டிருந்தாள், நாடா கட்டிய ஷூ. வலது காலில் இரட்டை முடிச்சுப் போட்டு ஒழுங்காகக் கட்டியிருந்தாள். வீங்கிய இடது காலை எப்படியோ உள்ளே திணித்திருந்தாள், நாடாவைக் கட்ட முடியாமல் அது இரண்டு பக்கமும் தொங்கியது.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கார்லண்ட் உட்கார்ந்த அதே படி. வெண்டல் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்குள் ஏறினார். அப்புறம் அவர் அழுத சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேனே, ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கவில்லையே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தூங்குகிறவளை எழுப்பக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஒரு சின்ன வயது அதிகாரி வந்தான். காலில் ரத்தம் கட்டியாக உறைந்து நெஞ்சுக்கு ஏறியிருக்கும் என்று ஆம்புலன்ஸில் வந்தவள் அவனிடம் சொன்னாள். அவன் நார்லீனின் பெயர், வயது எல்லாம் கேட்டான். அப்புறம் வீட்டு விலாசம் என்ன என்றான். வெண்டலின் மனைவி ஓஹையோவில் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இந்த விலாசத்தையே எழுதிக்கப்பா. இதுதான் அவங்க வீடு."

வெண்டலின் மனைவி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. அக்டோபரில் இதைச் சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கும்தான்.