மூன்றாம் வரிசைக்குச் சொன்னது

அன்று காலை ஆராதனையில் கையக்கா சொந்தமாகச் சேர்த்தது நாலே நாலு சைகை. அதற்குப் போய் இவ்வளவு பெரிய களேபரம் வரும் என்று அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் சேர்த்திருப்பாள், அது வேறு விஷயம்.

கையக்கா என்பது சபையார் வைத்த பெயர். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. அதனால் வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது. வாரநாட்களில் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் காது கேளாதவர்களுக்கு மொழிபெயர்ப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடைக்கு இடப்பக்கம் நின்று, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேருக்குப் போதகர் சொல்வதையெல்லாம் கையால் சொல்வாள். இது பத்தொன்பது வருஷமாக நடக்கிறது. பார்த்துத்தான் கேட்கவேண்டிய அவர்களுக்கு ஏன் முதல் வரிசை இல்லை என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு வரிசையும் சபையை நடத்தும் மூப்பர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். காது நன்றாகக் கேட்கிறவர்களுக்குத்தான் நம் ஊரில் முன்னிடம்.

அவள் தொழிலில் ஒரே சட்டம்தான். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று ஒட்டுப்போட்டுத் தப்பிக்கவும் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை நீதிபதிக்கு முன்னால் நின்று, "நான்தான் அந்த சைக்கிளைத் திருடினேன்" என்று கணீரென்று சொன்னாள். புதிதாக வந்த காவலர் ஒருவர் அவளுடைய செருப்பு முதல் கொண்டை வரை ஒரு பார்வை பார்த்தார். அப்படிப்பட்ட கறார்காரி. தொழிலுக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை கூட்டியதில்லை.

அந்த ஞாயிறன்று போதகர் எடுத்துக்கொண்ட பகுதி, ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவிடம் கொண்டுவரும் கதை. செவிடும் ஊமையுமான ஆவியே, இவனை விட்டுப் போ என்று இயேசு அதட்டுகிறார். வாசித்து முடித்ததும் போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"காது கேக்காம இருக்கறது, பேச்சு வராம இருக்கறது, ரெண்டுமே ஆவியோட கட்டு. நான் சொல்லல, வேதம் சொல்லுது. வேதத்துல ஒரு புள்ளிகூடப் பிழை கிடையாது. அடுத்த ஞாயிறு இதே மேடையில நம்ம தையல்காரம்மாவோட மகளை நிறுத்தி, அந்த ஆவியைத் துரத்தப் போறோம். சபை மூணு நாள் உபவாசம் இருக்கணும்."

கையக்கா ஒன்றையும் விடாமல் கையால் சொன்னாள். மூன்றாம் வரிசையின் ஓரத்தில் தையல்காரியின் மகள் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது, இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. அவள் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று. பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டாள். நானா? எனக்குள்ளேயா பிசாசு?

இருபத்திரண்டு வருஷத்துச் சட்டம் அந்த இடத்தில் முறிந்தது. கையக்காவின் கைகள் சொல்லின: இல்லை. எழுதினவர் தவறாக நினைத்துவிட்டார்.

மூப்பர் ஒருவரின் மருமகள் ஆறு மாதமாகக் கைமொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே என்ன படித்தாளோ தெரியாது, இந்த நாலு சைகை மட்டும் பளிச்சென்று புரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி போதகர் வீட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை மாலை அவளை ஆலயத்துப் பின்னறைக்குக் கூப்பிட்டார்கள். பாட்டுப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் போதகர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூப்பர் இருவர், ஆளுக்கொரு காபிக் கோப்பையுடன். அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், கொஞ்சம் தள்ளி.

"வேதத்துல தப்பு இருக்குன்னு சொன்னியாமே?" என்றார் போதகர்.

"ஆமா ஐயா."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். மறுத்தவளை மன்னிப்பதற்கு ஒரு நல்ல ஜெபம்கூடத் தயாராக வைத்திருந்தார் பாவம். ஒப்புக்கொண்டவளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"ஒரு செங்கல்லை உருவினா வீடே சரிஞ்சிரும்மா. இங்க ஒரு தப்பு இருக்குன்னு ஆரம்பிச்சா, எதைத்தான் நம்பறது?"

"நான் பொறந்ததுலேர்ந்து அந்த வீட்டுலதான் ஐயா குடியிருக்கேன். அவ்வளவு லேசுல விழாது. அதே பையன் கதையை வேதத்துலயே இன்னொருத்தரும் எழுதியிருக்காரே. அதுல அவன் சந்திரரோகி. தீயிலயும் தண்ணியிலயும் விழறான்னு எழுதறார். காது கேக்காததைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அது வலிப்பு ஐயா. ஆஸ்பத்திரில வாரத்துக்கு ரெண்டு பேரைப் பார்க்கிறேன். அந்தக் காலத்துல அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், தெரிஞ்சதை எழுதினாங்க. அது அவங்க குத்தம் இல்ல. தெரிஞ்ச பிறகும் ஒரு பொண்ணை மேடையில ஏத்தறதுதான் குத்தம்."

"தேவனோட வார்த்தையை நீ திருத்தறியா?" என்றார் ஒரு மூப்பர்.

"எனக்கு வேலையே ஒருத்தர் வார்த்தையை இன்னொருத்தருக்குக் கொண்டுபோறதுதான் அண்ணே. ஒரு வாயிலேர்ந்து ஒரு கைக்கு வர்றதுக்குள்ளயே எவ்வளவு சிந்துதுன்னு எனக்குத் தெரியும். இது எத்தனை வாய், எத்தனை கை மாறி வந்திருக்கு. ஒரு சொட்டுகூடச் சிந்தலைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா கொண்டுவந்தவங்க யாரைப் பார்த்து மலைச்சுப் போய் ஓடிவந்தாங்கன்னு எனக்குத் தெரியுது. அந்த இயேசுவை நான் விடலை. நீங்க அவரை விட்டுட்டு, சேதி வந்த பொட்டியைப் புடிச்சுக்கிட்டிருக்கீங்க."

மூப்பர் காபியைக் கீழே வைத்தார். சபையில் பெண்கள் இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று வேதத்திலேயே இருக்கிறது என்றார்.

"இருக்கே," என்றாள் கையக்கா. "பத்தொன்பது வருஷமா மேடையில நிக்கிறேன். அந்த வரி இன்னிக்குத்தான் உங்க கண்ணுல பட்டுதா?"

போதகர் எழுந்துவிட்டார். வரும் ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் மைக்கில் ஒரு தடவை, மூன்றாம் வரிசைக்குக் கையால் ஒரு தடவை, சொன்னது தப்பு என்று அவள் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்றோடு அவள் இடம் காலி. கைமொழிக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை அந்தப் பதினொரு பேரும் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

இதுதான் அவளைச் சுட்டது. தன் இடம் போனால் போகிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்லிவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விடுகிறோம், ஊதினவன் ஏன் கையால் சொல்லிப் பார்க்கவில்லை என்று ஒருத்தரும் கேட்பதில்லை. சங்கு ஊதவே பிறந்தவர்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் அந்தப் பதினொரு பேரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

வீட்டில் அவள் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சபையின் பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவருடையது. பாடுவதற்குத் தவிர வேறெதற்கும் வாயைத் திறந்து வம்பில் மாட்டாத மனிதர்.

"கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

"என் பொழைப்பே கைதானே. எப்படி சும்மா வச்சுக்கறது?"

"அதில்லம்மா. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா, அவங்களுக்காவது நீ இருப்ப. அந்தப் பொண்ணுக்காவது துணைக்கு இருப்ப."

"மன்னிப்புன்னா என்ன தெரியுமா? அந்தப் பொண்ணைப் பார்த்து, ஆமா கண்ணு, உனக்குள்ள பிசாசு இருக்குன்னு இந்தக் கையால சொல்றது. அதுக்கப்புறம் நான் அங்க இருந்து யாருக்கு என்ன லாபம்?"

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். கண் கலங்கியிருந்தது, வெங்காயத்தினால் என்றே வைத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை அவள் தையல்காரியின் கடைக்குப் போய், பெண்ணை மேடையில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டாள். தையல்காரி மிதியை நிறுத்தாமலே பேசினாள். உபவாசத்தில் உதடு வெடித்திருந்தது.

"உங்களுக்குக் காது கேக்குது அக்கா, நீங்க ஈசியா சொல்லிருவீங்க. எனக்கு அவ அம்மான்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டா போதும்."

"அவ உன்னை தினமும் கூப்பிடறாம்மா. நீ பார்க்கறதில்ல."

மிதி நின்றது. "வீட்டுல கையால பேசினா வாயே வராதுன்னு போதகரம்மா சொன்னாங்க. அதனால நான் அதைக் கத்துக்கவே இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி இயந்திரம் ஓட ஆரம்பித்தது. கையக்கா வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. பிசாசு ஓடுகிறது என்றால் கூட்டத்துக்கா பஞ்சம்? தையல்காரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றாள். அந்தப் பெண்ணுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள், கழுத்துப் பட்டியில் ஊசி வேலையுடன். பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது.

போதகர் மைக்கை நீட்டினார். "சகோதரி முதல்ல ஒரு திருத்தம் சொல்லணும்."

கையக்கா மைக்கை வாங்கவில்லை. தாங்கியிலேயே நிறுத்தச் சொல்லி, அதன் முன்னால் வந்து நின்றாள். வாயும் கையும் சேர்ந்தே பேசின.

"போன வாரம் இந்தப் பொண்ணுக்கு, உனக்குள்ள பிசாசு இல்லன்னு சொன்னேன். எழுதினவர் தவறா நினைச்சுட்டார்னு சொன்னேன். நான் வேலை செய்யறப்ப சொந்தமா எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தேன், அது என் தொழில்ல தப்பு. சேர்த்த விஷயம் தப்பில்ல. இப்பவும் அதையேதான் சொல்றேன். இந்தப் புத்தகத்தை நான் நேசிக்கிறேன். நேசிக்கிறதுக்கு அது தப்பே செய்யாததா இருக்கணும்னு எனக்கு அவசியம் இல்ல."

முதல் இரண்டு வரிசைகளில் முணுமுணுப்பு கிளம்பியது. போதகர் முகம் சிவந்தது. "கையை இறக்கு. இனிமே இங்க உன் மொழிபெயர்ப்பு வேண்டாம்." பிறகு பெண்ணைப் பார்த்து, மேடைக்கு வரச் சொல்லிக் கையசைத்தார்.

கையக்கா கையை இறக்கினாள்.

மூன்றாம் வரிசை எழுந்து நின்றது. ஒருவர் மட்டும் நடுப்பாதைக்கு வந்தார். அவர் தச்சர். அந்த மேடையை, அந்தப் பெஞ்சுகளை, போதகர் சாய்ந்து நிற்கும் பிரசங்க மேசையை எல்லாம் செய்தவர். பெரிய உள்ளங்கைகள், இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. அவர் போதகரைப் பார்த்து நிதானமாகக் கைகளால் பேச ஆரம்பித்தார். நிறையப் பேசினார்.

போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சொல்றார் இவர்?" என்று பழக்க தோஷத்தில் கையக்காவிடம் கேட்டுவிட்டார்.

"வேண்டாம்னு இப்பத்தானே சொன்னீங்க ஐயா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து, "சொல்லும்மா, நாங்களும் கேக்கணும்ல," என்றது ஒரு குரல். இன்னும் நாலைந்து குரல்கள் அதோடு சேர்ந்துகொண்டன. கையக்கா தச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் முதலிலிருந்து தொடங்கினார். அவளும் எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல் சொன்னாள்.

"நான் பொறக்கும்போதே காது கேக்காது. ஏழு வயசுல என்னை இதே மாதிரி ஒரு மேடையில ஏத்தினாங்க. ஆறு பேர் புடிச்சுக்கிட்டாங்க. காதுல எண்ணெய் ஊத்தினாங்க, அடிச்சாங்க. அவங்க வாய் அசையறது மட்டும் தெரிஞ்சுது. எதுக்கு அடிக்கறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலை. நான் என்ன தப்பு பண்ணினேன்னு பதினஞ்சு வயசு வரைக்கும் யோசிச்சேன். அதே புத்தகத்துல இன்னொரு பக்கம் இருக்கு. காது கேக்காத ஒருத்தரை இயேசு கூட்டத்துலேர்ந்து தனியா, ஒதுக்குப்புறமா கூட்டிக்கிட்டுப் போறார். அங்க பிசாசே இல்ல. ஒரு மனுஷன் மட்டும்தான். எல்லார் முன்னாடியும் அவனை நிறுத்தக் கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பக்கத்தையும் நான் படிச்சேன். எது உண்மைன்னு என் உடம்புக்குத் தெரியும். அந்தப் பொண்ணு மேல கையை வைக்காதீங்க."

ஒரு பெண்ணின் குரலில் அந்த மனிதரின் ஏழு வயது வெளியே வந்தது. கையக்கா கடைசி வார்த்தைவரை குரல் உடையாமல் சொல்லி முடித்தாள்.

தையல்காரி தன் மகளைப் பார்த்தாள், பிறகு கையக்காவைப் பார்த்தாள். "அக்கா, இவளுக்கு என்ன வேணும்னு இவகிட்டயே கேளுங்க. நான் கேட்டதே இல்ல."

கையக்கா கேட்டாள். பெண் தன் கையை அம்மாவிடமிருந்து விடுவித்துக்கொண்டாள், பேசுவதற்கு அது வேண்டும். அவள் சொல்லச் சொல்ல மைக்கில் குரல் வந்தது.

"எனக்குக் காது வேண்டாம். எங்க அம்மாவுக்குக் கை வேணும்."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும்வரை போதகர் உட்பட எல்லாரும் காத்திருக்க வேண்டியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம்னு எப்படிச் சொல்லணும் அக்கா?" என்று கேட்டாள். கையக்கா செய்து காட்டினாள். தையல்காரி தப்பாகச் செய்தாள். மகள் சிரித்துக்கொண்டே அவள் விரல்களைப் பிடித்துச் சரியாக மடக்கிவிட்டாள். இருவரும் நடுப்பாதை வழியாக வாசலை நோக்கி நடந்தார்கள். பாட்டுக்குழுவின் கடைசி வரிசையில் அடிக்குரல்காரர் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே இறங்குவது கையக்காவின் ஓரக்கண்ணில் பட்டது.

"ஆராதனை இன்னும் முடியலை," என்றார் போதகர் உரக்க. "யாரும் வெளிய போகக் கூடாது."

கையக்கா மூன்றாம் வரிசையைப் பார்த்துத் திரும்பி, ஆராதனை இன்னும் முடியவில்லை, யாரும் வெளியே போகக் கூடாது என்று ஒரு வார்த்தை விடாமல் கையால் சொன்னாள். அவர்கள் எல்லாரும் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, வரிசையைவிட்டு வெளியே வந்தார்கள்.