தேங்கியதும் தேக்கியதும்

மானேஜர் மாதவ் கசப்பான சேதி எதையும் இங்கிலீஷில்தான் சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைஜயந்தியைக் கூப்பிட்டு 'ஸ்டக் இன் எ ரட்' என்றார். வண்டித் தடத்துப் பள்ளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டதாம். போன வருஷம் 'டிரெடிங் வாட்டர்'. நீந்தாமல் நின்ற இடத்திலேயே காலை அடிக்கிறாளாம். இந்த வருஷம் 'பிளாட்டோ'. ஏறின வரை சரி, இனிமேல் சமதளம்தானாம். பள்ளம், தண்ணீர், மேடு என்று எல்லாம் சுற்றிக் காட்டியாயிற்று, டீம் லீட் பதவியைத் தவிர. அவள் வேலை கற்றுக்கொடுத்த அம்ருதாகூட லீட் ஆகிவிட்டாள். இந்தத் தடவைக்குப் பெயர் அனுப்ப நாளைதான் கடைசி நாள்.

சாயங்காலம் ஔந்த் வீட்டில் அவள் கணவன் சாய்கிருஷ்ணா வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான்.

"என்ன சொன்னார் உன் மானேஜர்?"

வைஜயந்தி மராத்தி பேசும் கட்கியில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் கொஞ்சம் தடுமாறுவாள். "பிளாட்டோன்னார். அதாவது, என்னைத் தேக்கிட்டாங்களாம்."

தஞ்சாவூர்க்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தேங்கிட்டேன்னு சொல்லணும் வைஜு. தண்ணி தானா நின்னா தேங்குறது. யாராவது அணை போட்டாத்தான் தேக்குறது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி பகல் பாராமல் எரிந்து விழும் அந்த வெளிநாட்டு வாடிக்கையாளரை யார் சமாளிக்கிறார்கள்? ஒவ்வொரு தடவையும் 'இவளை விட்டால் ஆளில்லை' என்று அங்கேயே யார் உட்கார்த்தி வைத்தார்கள்? அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"இல்லங்க. நான் சொன்னதுதான் சரி."

மறுநாள் காலை மாதவின் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். இங்கிலீஷில் ஆரம்பித்தவரை நிறுத்தினாள்.

"மராத்தியில பேசலாம் சார். 'மீ தாம்ப்லே'ன்னா நானா நின்னேன். 'மலா தாம்பவ்லே'ன்னா என்னை நிறுத்தினாங்க. நடுவுல ஒரே ஒரு 'வ'தான். என் விஷயத்துல எது?"

இங்கிலீஷில் என்றால் அவரிடம் இன்னும் பத்துச் சொல் கைவசம் இருந்திருக்கும். தாய்மொழியில் பொய் சொல்ல வாய் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாம்பவ்லே," என்றார் மெல்ல. "நீ போய்ட்டா அந்த வேலையை யார் பார்ப்பாங்க, வைஜயந்தி?"

"புது லீட் நாலு பேருக்குக் கத்துக்கொடுப்பா. எனக்கு அது கைவந்த வேலை."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவள் அசையவில்லை. வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவரே கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்து, லீட் பட்டியலில் அவள் பெயரைத் தட்டினார். அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்.

"திருத்துங்க சார்," என்றாள் வைஜயந்தி. "ஒரு எழுத்துல நிறைய இருக்கு."

திருத்தி அனுப்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.