முதலாம் நிலையின் தவளை

தேவதாசனிடம் கெட்ட எண்ணம் என்பது மருந்துக்கும் கிடையாது. வினையே அதுதான். கெட்ட எண்ணம் உள்ளவன் ஒரு காரியத்தில் இறங்குமுன் நாலு தடவை யோசிப்பான். நல்ல எண்ணம் உள்ளவனோ பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே மலையேறிவிடுவான்.

தெமோதரைக்கு மேலே, தேவதாசன் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில், பதினாலு சிலுவைகள் நட்ட ஒரு சிலுவைப் பாதை இருக்கிறது. முதலாம் நிலை கீழே, பஸ் போகிற ரோட்டோரம். பதினாலாம் நிலை உச்சியில், பெரிய காட்டின் விளிம்பில். காட்டை அழித்துத் தேயிலை போட்ட காலத்தில், சிலுவை நடுகிற இடங்களில் மட்டும் மரங்களை விட்டுவைக்கச் சொல்லித் துரையிடம் கெஞ்சி வாங்கினார்களாம் அந்தக் காலத்து ஆட்கள். அதனால் ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு மரக்கூட்டம், சுற்றிலும் தேயிலை. தவக்காலம் வந்தால் அங்கே சருகு கூட்டி எரிக்கிற வேலைக்கும், சிலுவைப் பாதையில் பாட்டெடுத்துக் கொடுக்கிற வேலைக்கும் தேவதாசன்தான் தலைவர். முதலாம் நிலையில் மட்டும் எரிப்பதில்லை. புகை ரோட்டை மறைத்தால் டிரைவர்மார் ஏசுவார்கள் என்று, கூட்டிய சருகை மரத்தடியிலேயே குவித்துவிடுவார்கள்.

அவருடைய மகள் நிலுக்ஷி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறாள். கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது இந்த மரக்கூட்டங்களில் உள்ள தவளைகளை. தவளையைப் பார்க்கவா இந்தப் பெண்ணை இவ்வளவு தூரம் படிக்க வைத்தாய் என்று லயத்து வீடுகளில் கேட்காத வாய் இல்லை. தேவதாசன் எல்லாவற்றுக்கும் சிரித்து மழுப்பினார். ஆனால் ஒருநாள் அவள் தோழியோடு போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. மேலே போகப் போக வகை கூடுதாம், கீழே வர வரக் குறையுதாம், முதலாம் நிலையில் ஒரே ஒரு வகைதான் இருக்காம்.

ஒன்றே ஒன்று என்றால் மார்க் எப்படிப் போடுவார்கள்? பிள்ளை பாஸாக வேண்டாமா? மேலே கத்திக் குவிகிறதே, அதில் நாலைக் கொண்டுவந்து கீழே விட்டால் யார் குடி முழுகப்போகிறது?

மறுநாள் மத்தியானம் மழை விட்டதும் பதினாலாம் நிலைக்கு ஏறினார். பால்மா டின்னில் ஈரப்பாசி போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி, விரல் நுனி அளவுத் தவளைகளில் நாலைப் பிடித்து அடைத்தார். முழங்கால் வலியைச் சபித்துக்கொண்டே இறங்கி முதலாம் நிலைக்கு வந்தால், சிலுவைக்குப் பின்னால் சருகுக் குவியலுக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அப்பா, சத்தம் போடாம இப்பிடி உக்காருங்க."

உட்கார்ந்தார். குவியலுக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் வந்தது. மேலே எங்கேயும் இந்தக் குரல் இல்லை என்றாள் நிலுக்ஷி. அதைப் போனில் பதிந்து அனுப்பியதில் பேராசிரியருக்கே இது என்னவென்று பிடிபடவில்லையாம், நாளைக்கு நேரில் வருகிறாராம்.

அந்த நேரம் பார்த்துத்தானா அது கத்த வேண்டும்? டின்னுக்குள்ளிருந்து கீச்சென்று ஒன்று குரல் கொடுத்தது.

"கையில என்னாப்பா?"

தேவதாசன் டின்னை முன்னால் கொண்டுவந்தார். "மேல இருந்து நாலு புடிச்சேன். இங்க ஒண்ணுதான் இருக்குன்னு நீ கவலப்பட்டியே…"

அவள் விசுக்கென்று எழுந்தாள். "தொறந்தீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

அவள் டின்னை வாங்கி, ரோட்டுப் பக்கம் தள்ளிப் போய், மூடியை ஒரு நூல் அளவு தூக்கிப் பார்த்தாள். மூன்றுதான் இருந்தன. தேவதாசனுக்கு உயிர் போய் உயிர் வந்தது, வந்தது கொஞ்சம் பிந்தித்தான். நாலாவது தவளை மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலுக்ஷி மூடியை அழுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள்.

"கொறையாத்தான்ப்பா இருக்கணும். அதான் விடையே. இந்தத் தேயில பூரா அதுகளுக்குக் கடலு. இதெல்லாம் தீவு."

இந்தச் சின்னத் தவளைகள் வெயில் காயும் தேயிலையைத் தாண்டாது என்று விளக்கினாள். பெரிய தீவில் நிறைய வகை பிழைக்கும், சின்னதில் சிலதுதான். காட்டுக்குக் கிட்ட இருக்கிற தீவில் ஒன்று அழிந்தாலும் காட்டிலிருந்து மறுபடி வந்து சேரும். தூரத்தில் இருப்பதில் அழிந்தால் அழிந்ததுதான். இந்தக் குரல் ஒருகாலத்தில் கீழ்ச்சரிவு முழுக்க இருந்த காட்டுக்குரியதாக இருக்கலாம். லட்சக்கணக்கான வருடமாக மேல்காட்டோடு கலக்காமல் தனியாகவே வளர்ந்த இனம். அந்தக் காடு தேயிலையாகிப் போக, இந்த மூலையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாகவே வெளியே வரும் சாதி அது. ஓடைத் தண்ணீர் கூட வேண்டாம், ஈரச்சருகு போதும்.

"நீங்க எரிக்காம குமிச்ச சருகுலதான்ப்பா முட்டை இருக்கு."

தேவதாசன் குவியலைக் குனிந்து பார்த்தார். எத்தனை வருடம் இந்தக் குவியலில் காலை வைத்து ஏறிச் சிலுவைக்கு விளக்குக் கட்டியிருப்பார்! டிரைவர்மார் ஏச்சுக்குப் பயந்த பயம் ஒரு உயிர்ச்சாதியையே காப்பாற்றியிருக்கிறது.

டின்னை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். மகள் தடுத்தும் கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரம். ஒவ்வொரு மரக்கூட்டத்திலும் நின்று காது கொடுத்தார். கொஞ்சம் மேலே வேறொரு குரல். அடுத்ததில் இரண்டு. இடையில் வெறும் தேயிலை, அதில் ஒரு சத்தமும் இல்லை. பாதி மலையில் நாலைந்து குரல்கள் கலந்தன. உச்சியில் காடே கத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறியதால் இது ஒன்றும் கேட்காமல் போயிற்றே என்று நினைத்தார். பிடித்த இடத்திலேயே நாலையும் இறக்கிவிட்டார். அவை குதித்த திசைகூடத் தெரியவில்லை, அந்தக் கூட்டத்தில் கரைந்துவிட்டன.

தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை சனம் முதலாம் நிலையில் கூடியது. எந்த மரத்தடியிலும் சருகைத் தொடக்கூடாது என்று இந்த வருடம் தேவதாசன் தடுத்துவிட்டதில் பாதிப் பேருக்கு அவர்மேல் கடுப்பு. எல்லாரும் முழந்தாளிட்டார்கள். பாட்டெடுக்க வேண்டிய தேவதாசன் வாய் திறக்கவில்லை. யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. ரோட்டில் பஸ் போய் அதன் இரைச்சலும் அடங்கியது.

குவியலுக்குள் கூழாங்கல் தட்டியது. சனம் ஒன்றும் விளங்காமல் காத்திருந்தது. கொஞ்சம் விட்டு, சிலுவைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே குரலில் இன்னொன்று பதில் சொன்னது.

பின்வரிசையில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தேவதாசன் மெதுவான குரலில் பாட்டைத் தொடங்கினார்.