சிவப்பு விளக்கு எரியும் வரை

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மொழிபெயர்ப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு ஒரே ஓர் உதவித்தொகை. கடைசிச் சுற்றில் மிஞ்சியது ஒரு பையனும் நானும். கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமாவின் டைல்ஸ் கடையில் பில் போடும் வேலை. மாமா தங்கமான மனுஷன்தான். ஆனால் குளியலறைத் தரையைப் பற்றி ஒருவரால் அவ்வளவு நேரம் பேச முடியும் என்பதே அவரால்தான் எனக்குத் தெரியவந்தது.

என்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். ஹெட்போன், மைக், மேடை மைக் ஓடும்போதெல்லாம் எரியும் ஒரு சிவப்பு விளக்கு. எதிரே மேடையில் வெளிநாட்டுப் பேராசிரியர், பக்கத்தில் எங்கள் துறைத் தலைவி. பேராசிரியருக்கு நான் வைத்த பெயர் புருவம். மார்க்கெல்லாம் அதில்தான் தெரியும். அவர் தன் மொழியில் பேசப் பேச, நான் கூடவே தமிழில் சொல்ல வேண்டும். கீழே அரங்கம் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். முதல் வரிசையில் அம்மாவும் மாமாவும்.

எங்கள் தொழிலில் இரண்டு சட்டம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை நிறுத்தக் கூடாது. பேசுபவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று இழுத்தால் மார்க் போச்சு. இந்த இரண்டாவதை அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கலாம். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

புருவம் தேனீக்களைப் பற்றிப் பேசினார். முதலில் என் குரல் ஆட்டம் கண்டது, அப்புறம் பிடித்துக்கொண்டேன். பேச்சு முடிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் மனிதர் மைக்கை அணைக்கவில்லை. அப்படியே திரும்பித் துறைத் தலைவியிடம் ஏதோ சொன்னார். விளக்கு எரிகிறதே, என் வாய் சும்மா இருக்குமா?

“எனக்கு இந்தப் பெண் வேண்டாம்” என்றேன் அரங்கத்துக்கு.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண் யார் என்று உறைத்தது. விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. சரி, சட்டம் சட்டம்தான்.

“காது நல்ல காது. ஆனால் பயந்தால் குரல் நடுங்குகிறது. கூட்டத்தில் ஒரு கெட்ட செய்தி வந்தால் உடைந்துவிடுவாள். உதவித்தொகையை அந்தப் பையனுக்கே கொடுத்துவிடலாம்.”

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், அதுவும் சுத்தமான உச்சரிப்பில்.

அம்மா எழுந்துவிட்டாள். அவள் குரலுக்குக் கண்ணாடி எம்மாத்திரம்? “அடிப்பாவி! யாருக்குடி தூக்கிக் குடுக்கச் சொல்றே?”

மாமா அவள் கையைப் பிடித்து இழுத்தார். “உக்காருக்கா. பொண்ணு தன்னடக்கமா பேசுது.”

புருவம் திடுக்கிட்டுத் திரும்பினார். “யார் இந்தப் பெண்மணி? எதற்காகக் கத்துகிறார்?” என்றேன் நான், அவருக்காக.

“யாரா? பெத்தவடி!” என்று அம்மா அலறினாள். அரங்கமே சிரிப்பில் குலுங்கியது.

துறைத் தலைவி கூண்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தன் ஹெட்போனைக் கழற்றிப் புருவத்தின் காதில் மாட்டி, அவர் மொழியிலேயே பேசினார். அதையும் விடாமல் சொன்னேன்: “நீங்கள் அவளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவளே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுக்கம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.”

புருவம் கண்ணை மூடி என் குரலைக் கேட்டார். இடது புருவம் மெல்ல ஏறி, நெற்றியின் பாதியில் நின்றது. பிறகு மைக் பக்கம் குனிந்து, நிதானமாக இரண்டு வாக்கியம் பேசினார்.

“நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்” என்றேன். “உதவித்தொகை...”

அடுத்த வார்த்தை வரவில்லை. அவ்வளவு கெட்ட செய்திக்கும் கல்லு மாதிரி நின்ற குரல், இப்போது பொலபொலவென்று உதிர்ந்தது. விளக்கு எரிகிறது. மூக்கு ஒழுகுகிறது. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

“யாருக்குடி? சொல்லித் தொலையேன்!” அம்மா.

'இந்தப் பெண்ணுக்கு' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

“எனக்கும்மா!” என்று கத்தினேன்.

தொழில்படி பெரிய தப்பு, மார்க் போச்சு. போனால் போகட்டும்.