ரூல்னா ரூல்தானே

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது தெரிய வந்தது. ஏரிக்கரையில் ஒரு விடுதி. ஒரு பள்ளி வருடத்தை அயல்நாட்டில், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கிப் படிக்க வந்த பிள்ளைகளையெல்லாம் பாதி வருடம் தாண்டியதும் அங்கே கூட்டி வைத்து, சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று விசாரிப்பார்கள். ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு மூக்கு. அன்றைக்குச் சமையல் முறை அவளுக்கும் நெட்டையனுக்கும் விழுந்திருந்தது. நெட்டையன் என்பது முகாமே சேர்ந்து வைத்த பெயர். வந்த அன்றே விடுதி வாசல் நிலையில் தலையை நன்றாக இடித்துக்கொண்டவன்.

“உன் ரெண்டாவது வீடு எப்படி இருக்கு?” என்று அவள் கேட்டாள். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

“எந்த ரெண்டாவது வீடு?”

“அதான், பாதி வருஷம் ஆனா வீடு மாத்துவாங்களே. ரூல்.”

“ரூலா? எனக்கு யாரும் சொல்லலையே. வந்ததிலேர்ந்து ஒரே வீடுதான். அந்த வீட்டு நாய் இப்பல்லாம் என் கட்டில்லதான் படுக்குது. நான்தான் தரையில.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இவன் எதைத்தான் ஒழுங்காகக் காதில் வாங்கினான் என்று நினைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள். அவளும் ஒரே வீடு. ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவனும் ஒரே வீடு. ஒருத்தி மட்டும் மாறியிருந்தாள். அதுவும் அந்த வீட்டுக்காரருக்கு வேலை மாற்றல் வந்ததால். இவள் கையிலிருந்த கிழங்கை உரித்துக்கொண்டே போனாள். தோல் போய், கிழங்கும் பாதி போய்விட்டது. நெட்டையன்தான் கத்தியை மெதுவாக வாங்கி வைத்தான்.

முதல் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் புதுசு. வைத்தவர் அந்த வீட்டு அப்பா, டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் யாரையாவது ஓட்டிக்கொண்டிருப்பவர். “வீட்டுக்குப் புதுசா ஒண்ணு வந்தாச்சு. அப்ப இது பழசு” என்று சொந்த மகளைக் காட்டிச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சிரிக்கிற வரைக்கும் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே சிரித்துவிடுவார். மகள் இவளைவிடச் சில மாதம் மூத்தவள், அதனால் அக்கா. அக்கா “போப்பா” என்று தலையணையை எறிவாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது புதுசுதான்.

வந்த புதிதில் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று ஒரு நினைப்பு. ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா தரையில் உட்கார்ந்துகொண்டு, தன் வகுப்பில் யார் யார் எப்படி மூக்கை உறிஞ்சுவார்கள் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். பாஷை பாதிதான் புரிந்தது. ஆனால் மூக்கு உறிஞ்சுவதற்கு பாஷை எதற்கு? அழுகை எப்போது சிரிப்பாக மாறியதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த ஊரில் தனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் தைரியமாக இருந்தாள்.

வீட்டின் பின்பக்கம் அந்த வீட்டு அம்மாவின் சலவைக் கடை. நீராவி இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று மூச்சுவிட, கம்பிகளில் சட்டைகளும் கோட்டுகளும் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும். வீட்டு ஆட்கள் எல்லாரும் சந்து வழியாக வந்து பின்கதவைத் தள்ளிக்கொண்டுதான் நுழைவார்கள். பகலில் அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது. முன்வாசல் மணியை அடிப்பவர்கள் கூரியர்காரரும் மீட்டர் பார்க்க வருகிறவரும் மட்டும்தான். மணி அடித்தால் வீடே ஒரு நொடி திடுக்கிட்டு, யாரோ தெரியாதவர் என்று அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போவாள்.

விமானம் ஏறுமுன் நடந்த வகுப்பில், ‘விருந்தாளியாக இருக்காதீர்கள், வீட்டுப் பிள்ளையாக இருங்கள்’ என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சிரித்த முகமாக இரு, கூடமாட வேலை செய், குறை சொல்லாதே. மற்ற பிள்ளைகள் இதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டார்கள். இந்த அசட்டுப் பெண் கரைத்துக் குடித்துவிட்டாள். பள்ளி விட்டதும் கடைக்குப் போய் காலரில் துண்டுச் சீட்டு குத்துவாள். பொத்தான் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கை மடிப்பு நலுங்காமல் சட்டையை மடிக்கக் கற்றுக்கொண்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர் வந்தால் போதும், “என் பொண்ணு இத்தனை வருஷமா கத்துக்காததை இது வந்த மாசமே கத்துக்கிச்சு” என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். அக்கா பக்கத்தில் நின்று உறைகளைக் கிழித்துக்கொண்டிருப்பாள். அந்த வார்த்தையைப் புதுசு தன் ஊர் அம்மாவிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

பிறகு ஒருநாள், சாப்பாட்டு மேஜையில், சூப் ஆறிக்கொண்டிருக்கையில், அம்மா சொன்னாள்.

“பாதி வருஷம் ஆச்சுன்னா வேற வீட்டுக்கு மாத்திடுவாங்களாம்மா. அது அவங்க ரூலாம். மேடம் போன் பண்ணுச்சு.”

எல்லாருக்கும் பொறுப்பாளர் அந்த மேடம்தான். கிளம்பிய அன்று அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். புதுசுதான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, “அழாதீங்கம்மா. ரூல்னா ரூல்தானே. நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று ஆறுதல் சொன்னாள். அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சீக்கிரமே போய்விட்டார். அக்கா அந்தக் கனத்த பெட்டியை யாரும் கேட்காமலே மாடியிலிருந்து ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தாள். என்ன பாசம் என்று புதுசு நினைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் கிழங்குத் தோல் குப்பையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து நின்றது.

மேடத்தை நடைக்கூடத்தில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“மேடம், பாதி வருஷத்துல வீடு மாத்தறது ரூலா?”

மேடம் காகிதக் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “ரூல்னு இல்லம்மா… அப்படி ஒரு ஏற்பாடு. சில வீட்டுல…”

“எந்த வீட்டுல?”

அந்தக் குரல் இவளுடையதுதானா என்று மேடம் நிமிர்ந்து பார்த்தாள். பூசி மெழுகுவதில் கை தேர்ந்தவள்தான். ஆனாலும் எதிரில் நிற்கிற முகத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

“உன் மனசு உடைஞ்சிடக்கூடாதுன்னு அவங்களே கெஞ்சிக் கேட்டாங்கம்மா, அப்படிச் சொல்லச் சொல்லி. அந்தப் பொண்ணால முடியலையாம். ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டாளாம்.”

“நாங்க ஒருநாள்கூட சண்டை போட்டதில்லையே மேடம்.”

“அதைத்தான் அவளும் சொன்னா.” மேடம் கோப்பைக்குள் பார்த்தாள். “உன்கிட்ட சண்டை போடறதுக்குக்கூட ஒரு குறை கிடைக்கலையாம்.”

அவள் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. துரத்தினார்கள் என்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. துரத்துகிறவளின் முதுகைத் தடவிக்கொடுத்து ஆறுதல் சொல்ல வைத்தார்களே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. காதில் பூச்சுற்றியது ஒருவர் இருவர் அல்ல. அம்மா, அப்பா, அக்கா, மேடம். இரண்டாவது வீட்டுப் பல் டாக்டர் தம்பதிகூட. அதனால்தான் அந்த டாக்டர் அம்மா முதல் நாளே தோளைத் தொட்டு, இதமாக, நோயாளியிடம் ‘வலிக்காது’ என்று சொல்கிற குரலில், “இங்க உனக்கு ஒரு குறையும் இருக்காது” என்றாள். இவள் ஒருத்தியைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கிறது.

இதில் கொடுமை, வீடு மாறிய பிறகும் ஞாயிறு தவறாமல் அவள் அங்கே போய்க்கொண்டிருந்தாள். பாவம், நம்மைப் பிரிந்து ஏங்குவார்கள் என்று. பின்கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவாள். அங்கே ஓரத்தில் அவளுடைய வீட்டுச் செருப்பு அப்படியே கிடக்கும். அம்மா கட்டிக்கொள்வாள். அக்கா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, படிக்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விடுவாள். ‘பரீட்சை வருடம், பாவம்’ என்று அதற்கும் இவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறும் கிளம்பினாள். எதற்கென்று அவளுக்கே முதலில் தெளிவில்லை. பஸ் வந்து நின்றபோது ஓட்டுநர் இருக்கையில் அப்பா. அதுவும் எதிர்பார்த்ததுதான். ஞாயிறுகளில் அவருக்கு அந்த வழித்தடம்தான். இதுவரை அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற வரை இருவரும் வாயாடிக்கொண்டே போவது வழக்கம்.

“என்ன புதுசு, மூஞ்சி ஏன் இவ்ளோ நீளமா தொங்குது? முகாம்ல சாப்பாடு போடலையா?”

“அப்பா, ரூல்னு சொன்னது பொய்யா?”

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவர் கண் ஒருமுறை அவளைத் தொட்டுவிட்டுச் சாலைக்கு ஓடிப்போனது. நிறுத்தம் ஒன்று வந்து போனது. ஒரு கிழவர் ஏறி, நிதானமாக இடம் பார்த்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி, தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். ‘வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.’

மாதக்கணக்காக அந்தப் பலகைக்குக் கீழே ஊர்க்கதை முழுக்கப் பேசியவர். அவர் காது மடல் சிவந்திருந்தது. அவர்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே, மகளுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இவர் என்ன செய்திருப்பார் என்று ஒரு இரக்கமும் எட்டிப் பார்த்தது. அந்த இரக்கத்தின் மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. இப்படி எல்லாருக்கும் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துத்தானே இந்த நிலைமை.

மற்றவர்களோடு சேர்ந்து நடுக்கதவு வழியாக இறங்கினாள். “அம்மாகிட்ட…” என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். கதவு மூடிக்கொண்டது.

நடக்கும்போது, சொல்லப்போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அங்கேதான் சிக்கல். இந்த பாஷையில் அவளுக்கு நன்றி சொல்லத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியும், ருசியாக இருக்கிறது, நான் உதவட்டுமா, பரவாயில்லை, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கோபப்படத் தெரியவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, அவளும் கேட்கவில்லை. தன் சொந்த பாஷையில் அடுக்கடுக்காக வருவதை மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் கடைசியில் “தயவுசெய்து” என்று போய் முடிந்தது. ‘ஏன் என்கிட்ட சொல்லல’ என்ற ஒன்று மட்டும் தேறியது. அதையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள்.

சந்து முனை வந்தது. பின்கதவு வழக்கம்போல ஒருக்களித்திருந்தது. இடுக்கில் அவளுடைய வீட்டுச் செருப்பு தெரிந்தது, யாரோ ஜோடி சேர்த்து வைத்திருந்தார்கள். உள்ளே அம்மா எதையோ தாளில் சுற்றுகிற சரசரப்பு. கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. கையைக்கூட நீட்டிவிட்டாள். தள்ளினால் போதும். “வந்துட்டியா” என்று அந்தச் சோப்பு வாசனை வந்து கட்டிக்கொள்ளும். ஏன் என்கிட்ட சொல்லல என்பது தொண்டையோடு நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும்.

கையை இழுத்துக்கொண்டாள். சந்தை விட்டு வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போனாள். முன்வாசலை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. வந்து இறங்கிய அன்று ஒருமுறை பார்த்திருப்பாள். மங்கலான கண்ணாடி பதித்த கதவு, அதிகம் மிதிபடாத புத்தம் புது மிதியடி. அதன் மேல் ஷூவைக் கழற்றாமல் ஏறி நின்று மணியை அழுத்தினாள்.

உள்ளே சரசரப்பு நின்றது.

“முன்பக்கம் யாரு?” அம்மாவின் குரல்.

மாடிப்படியில் யாரோ பாதியில் நிற்கிற சத்தம். பிறகு அக்கா. “தெரியாதவங்களா இருக்கும்மா. நம்மாளுங்க யாரு இந்தப் பக்கமா வரப்போறாங்க?”

காலடிச் சத்தம் நெருங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு உருவம், தலைமுடியைச் சரிசெய்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் பழக்கதோஷத்தில் தானாகச் சிரிக்கத் தயாரானது. உதட்டைப் பல்லால் கடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சங்கிலி கழற்றும் சத்தம் கேட்டது.