இரண்டு கையால் நீட்டிய தாம்பாளம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. கணபதி பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அங்கப்பன், "பாதுகாப்பு வாரம் வருதுங்க. விதியெல்லாம் எழுதி ஒட்டிப்போட்டேன், ஒருத்தரும் படிக்கறதில்லீங்க. நீங்க கதையா எழுதிக் குடுங்க, படிப்பாங்க" என்றார்.

சுவரில் ஒட்டியிருந்ததை நான் படித்தேன். உயர் மின்னழுத்தத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டுமாம். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். அன்றிலிருந்து குழம்பிக் கிடக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் கொடுப்பதை ஒற்றைக் கையால் வாங்கமாட்டோம்.

2

முதல் தொடக்கம்: "ரித்திகாவுக்குச் சிறுவயதிலிருந்தே மின்சாரம் என்றால்..."

[வேண்டாம். கதைகளில் எல்லாருக்கும் எல்லாமே சிறுவயதிலிருந்துதான்.]

இரண்டாவது தொடக்கம்: மழைக்காலத்தில் இடி இறங்கி, கிணற்று மோட்டார்கள் கருகிப்போகின்றன. இடியைத் தாங்கும் மோட்டார்ச் சுருள் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று ரித்திகாவுக்குப் பிடிவாதம். அப்பாவின் தோட்டத்துக் கொட்டகையில், கெப்பாசிட்டர்களில் மின்சாரத்தைத் தேக்கி, ஒரே வெட்டாகச் சுருளின்மேல் விட்டுப் பார்ப்பாள்.

இன்று மின்சாரம் வெட்டிப் பாயவில்லை. ஏதோ கோளாறு. உதவிக்கு இருந்த மதன்குமார் வெளியே போய் மெயினை அணைத்துவிட்டான். ஆனால் மெயினை அணைத்தாலும், கெப்பாசிட்டருக்குள் தேங்கியது தேங்கியபடியே இருக்கும், ஆளைக் கொல்லும் அளவுக்கு. எர்த் கம்பி பூட்டிய நீளக் கழியால் தொட்டு அதை இறக்கிய பிறகுதான் கிட்டே போகலாம்.

ரித்திகா ரப்பர் விரிப்பில் நிற்கிறாள். கையில் வளையல் இல்லை. வலது கையில் கழி, இடது கை பாக்கெட்டில். ஒரு தப்பும் செய்யாத பெண்ணை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

3

அப்போது அவளுடைய பெரியப்பா திருமூர்த்தி வந்தார். நான் கூப்பிடவில்லை.

கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்ற தகராறில், அண்ணன் தம்பி இருவரும் பேச்சை விட்டுப் பல வருடம் ஆகிறது. அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்காவது வந்து கூப்பிடமாட்டாரா என்று ரித்திகாவின் அப்பா உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார். இதோ வந்துவிட்டார். அப்பாதான் வீட்டில் இல்லை, சந்தைக்குப் போயிருக்கிறார்.

தொழில் நடக்கும் இடம் என்று ரப்பர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். தூரத்திலிருந்து கத்திக் கூப்பிடுவது மரியாதையில்லை என்று வாய் திறக்காமல் கிட்டே வந்தார். எச்சரிக்கைக் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை வைத்த பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடுத்துக்க கண்ணு. உங்கப்பன் இல்லாட்டி என்ன, நீ வாங்குனா அவன் வாங்குன மாதிரிதான்."

தாம்பாளத்துக்கும் கெப்பாசிட்டர் முனைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். பாவம் மனுஷன், மரியாதை என்று செய்தது ஒவ்வொன்றும் அவரை எமனுக்கு ஓரடி பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

(கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா என்று அங்கப்பன் கேட்பார். நியாயம்தான். ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் சுவரில் அதையும் எழுதி ஒட்டட்டும்.)

4

முடிவு, ஒன்று: ரித்திகா கழியைக் கீழே வைத்தாள். இடது கையை வெளியே எடுத்தாள். இரண்டு கையாலும் தாம்பாளத்தை...

[இதற்குமேல் எழுதமாட்டேன்.]

முடிவு, இரண்டு: அப்படியே கழியால் முனையைத் தொட்டாள், இடி விழுந்த சத்தம், பதறிப்போய் அவர் தாம்பாளத்தைக் கைவிட, அது...

[எதன்மேல் விழும்? தெரியவில்லை. தெரியாததில் கை வைக்காதே என்பதும் அந்தச் சுவரில் இருக்கிறது.]

முடிவு, மூன்று: "பெரியப்பா, கிட்ட வராதீங்க. பின்னால போங்க" என்று கத்தினாள். அவர் நின்றார். பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு பெரியவரை விரட்டும் பெண்ணைப் பார்த்தார். "செரி அம்மணி" என்று தாம்பாளத்தோடு திரும்பி, அவள் கழியால் தொட்டு இறக்கி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அப்பா வந்து, "அண்ணன் வந்திருந்தாராமா?" என்று கேட்டபோது அவர் முகம்...

[அந்த முகத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை.]

அங்கப்பனுக்கு மூன்றையும் படித்துக் காட்டினேன். "மூணாவதுல பெரியவரு உசுரோட இருக்கறாரல்லங்க?" என்றார்.

"இருக்காருங்க. ஆனா உறவு போச்சே."

"உசுரு இருந்தாத்தானுங்க நாளைக்கு அவரு ஊட்டுக்குப் போயி மன்னாப்புக் கேக்க முடியும்."

சரிதான். ஆனால் நாளைக்கு அவர் கதவைத் திறப்பார் என்று அங்கப்பன் உறுதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

5

ஆக, இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். அவருக்குக் கை வலிக்க ஆரம்பித்திருக்கும். தாம்பாளம் மெல்ல இறங்குகிறது. ரித்திகா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். "சீக்கிரம் சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கதையின் முடிவை உங்களிடம் நீட்டுகிறேன். வாங்கும்போது ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஒற்றைக் கையால் வாங்கினீர்கள் என்று நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.