வலது கண்ணில் ஒரு சிவப்புத் திட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எழுதுகிறவன் பொய் சொல்வது ஊரறிந்த விஷயம்தான். ஆனால் நான் இதைச் சொன்னது கதையில் அல்ல. லேசர் சிகிச்சைக்கு முன் கண்ணை அளக்கும் அம்மாவிடம்.

"கான்டாக்ட் லென்ஸைக் கழட்டி எத்தனை நாளாச்சு சார்?"

"ரெண்டு வாரம்."

முந்தின நாள் சாயங்காலம்தான் கழற்றியிருந்தேன்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'அளக்கும் அம்மாவின் கண்களில் ஆழ்கடலின்...'

(கண்ணைப் பற்றிய கதையில் கண்ணுக்குள் கடலா? அடித்துவிட்டேன்.)

அடுத்து: 'இரும்பு முகத்தோடு அவர்...' இதுவும் பொய். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு அறை முழுக்கத் தேடுகிற ஆள் அவர்.

கருவியையாவது ஒழுங்காகச் சொல்கிறேன். முகவாயைத் தாங்கியில் வைத்து, இமைக்காமல் ஒளி வளையங்களைப் பார்க்க வேண்டும். கருவிழியின் மேடு பள்ளத்தை ஆயிரக்கணக்கான புள்ளிகளில் அளந்து, திரையில் வண்ணப் படமாகப் போடும்; அதிகம் வளைந்த இடம் சிவப்பு. அதை நம்பித்தான் லேசர் செதுக்கும்.*

* மயிரிழையில் தப்பினான் என்று எழுதுவோமே, அங்கே மயிரிழையே தாராளமான அளவு.

3

ஏன் பொய் சொன்னேன்?

என் மகளுக்கு எட்டு வயது. நீச்சல் பழகுகிறாள். வெந்நீர்க் குளம், மூடிய கூடம். கதவைத் திறந்ததுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். இருபது பிள்ளைகளுக்கும் ஒரே நீலத் தொப்பி. ஒருநாள் துண்டை விரித்து ஒரு பிள்ளையை வாரிச் சுருட்டி, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், எங்கப்பா அங்க நிக்கிறாரு" என்றது துண்டு.

என் மகள் மூன்றடி தள்ளி நடுங்கிக்கொண்டு நின்றாள். வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

லென்ஸ் போட்டால் ஆவித் தொல்லை இல்லை. ஆனால் கண் எரிந்து சிவக்கும். அதனால்தான் லேசர். லேசருக்காக அளக்கும் முன் இரண்டு வாரம் லென்ஸ் கூடாது என்றார்கள். நான் பதினான்கு நாளும் லென்ஸோடு குளத்துக்குப் போனேன்.

4

வலது கண்ணை மூன்று முறை அளந்தார். மூன்று படமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றிலும் கீழ்ப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு மட்டும் இருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லுங்க சார். எப்போ கழட்டினீங்க?"

"நேத்து."

(முதல் பிரதியில் இங்கே அவரைக் கத்தவைத்தேன். நிஜத்தில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.)

"லென்ஸ் அழுத்தினதாலன்னா இந்தச் சிவப்பு தானா அடங்கிடும். அடங்கலைன்னா, கருவிழி கூம்பிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்போ இந்த லேசர் உங்களுக்குக் கிடையவே கிடையாது. எதுன்னு இப்போ என் மெஷினால சொல்ல முடியாது. நீங்க பொய் சொன்னா அதுவும் பொய்தானே சொல்லும்?"

குளத்துக் கதையைச் சொன்னேன். கொண்டையிலிருந்த பேனாவை ஒருவழியாகக் கண்டுபிடித்து, மறு அளவுக்கு நாள் குறித்தார்.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்னன்னு?"

"அப்பாவுக்குக் கண்ணு தெரியலைன்னு."

5

முடிவு அ: சிவப்பு அடங்கிவிட்டது. லேசர் முடிந்து, ஆவிக்கு நடுவே அவளை முதல் பார்வையிலேயே... (சினிமா.)

முடிவு ஆ: சிவப்பு அடங்கவில்லை. அளக்கும் அம்மா என் தோளைத் தட்டி... (இதை எழுதக் கை வரவில்லை.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்றிரவே சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். குளத்தில் அவளை அடையாளம் தெரியாமல் போனதையும் சொன்னேன்.

"அவ்ளோதானா?" என்றாள். "நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

அவளே தொடர்ந்தாள். "இனிமே நீங்க நகராம ஒரே எடத்துல நில்லுங்கப்பா. நான் வந்து உங்களைக் கண்டுபிடிக்கிறேன்."

இரண்டு வாரமாக லென்ஸைத் தொடவில்லை. நேற்றும் ஆவி மூடிய கண்ணாடியோடு, மூன்றாவது தூணருகே துண்டை விரித்துக்கொண்டு நின்றேன். வெள்ளையாக ஒரு மங்கல்; அதில் நீலப் பொட்டுகள் ஓடின. அதில் ஒன்று நேராக வந்து என் வயிற்றில் மோதியது.

மறு அளவு நாளைக்கு. படத்தில் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். துண்டுக்குள் வந்தது யார் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.